கூரைக்குள் துரிஞ்சில் இருக்கிறது, நவம்பரில் இடிக்கலாமா?

வாசகர் கடிதம்: தங்கச்சிக்கு வணக்கம். டர்பனுக்கு வடக்கே கடலோரத்தில் எங்கள் ஊர்த் தமிழ்ப் பள்ளிக்கூடக் கட்டடக் குழுவுக்கு நான் செயலாளர். 1958இல் எங்கள் அப்பாமார் கைக்காசு போட்டுக் கட்டிய கூடம். செங்கல் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பின்பக்கம் மரமும் தகரமுமாக ஒரு சமையல் கொட்டகை. இப்போது இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டப் பணம் சேர்ந்துவிட்டது. ஆனால் கூரைக்குள் வௌவால் அடைந்திருக்கிறது. சாயங்காலம் கீச்சுகீச்சென்று சத்தம். மேற்குச் சுவரின் மூலையில் எண்ணெய் வழிந்தது போலக் கறை, அதற்கு நேர் கீழே தரையில் புழுக்கை. கான்ட்ராக்டர் நவம்பர் கடைசி வாரத்தில் இடித்துவிடலாம் என்கிறார். டிசம்பர் பாதியில் பில்டர்கள் லீவு போய்விடுவார்களாம். முந்தின நாள் புகை போட்டால் எல்லாம் ஓடிவிடும் என்றும் சொல்கிறார். குழுவில் சிலருக்கு வெறிநோய் பயம். ஓர் ஆயா மட்டும், அதை விரட்டுவது பாவம் என்கிறார். என்ன செய்வது? சட்டம் ஏதாவது உண்டா?

அன்புள்ள அண்ணாவுக்கு,

புகை போட வேண்டாம். நவம்பரில் கூரையைத் தொடவும் வேண்டாம். கான்ட்ராக்டர் உங்களைத் தினமும் கூப்பிடுவார் என்று தெரிந்ததால் இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். காரணத்தை இனிமேல் நிதானமாகச் சொல்கிறேன்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பழைய வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிடும்போதே தாமதம் ஆகிவிட்டது. மூன்று நாளுக்கு முன்பு, இருட்டியதும் எல்லாம் வெளியே போன நேரம் பார்த்து, யாரோ கூரை ஓரத்து இடுக்கையெல்லாம் நுரை பீய்ச்சி அடைத்திருந்தார்கள். அவர்கள் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வெளியே போனது திரும்பி வராது, கதை முடிந்தது என்று நினைத்திருக்கிறார்கள். மாதமோ டிசம்பர். நான் போனபோது தாய்கள் சுவரில் மோதிக்கொண்டு, அடைத்த இடுக்கைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தன. ஏணி வைத்து ஒரு பலகையைக் கழற்றினேன். உள்ளே உத்தரத்தின் மேல் ஒரு கையகல இடத்தில் குட்டிகள் நெருக்கியடித்துக் கிடந்தன. ரோமம் இல்லாத ரோஸ் நிற உடம்பு. என் கட்டைவிரலின் மேல்பாதி அளவுகூட இல்லை. பாதிக்கு மேல் செத்திருந்தன. மிச்சத்தை எடுத்துப் பால் கொடுத்து வளர்க்கப் பார்த்தோம். மூன்று பிழைத்தன. வீட்டுக்காரருக்கு அதன் பிறகுதான் பெரிய தொல்லை வந்தது. கூரைக்குள் அழுகிய நாற்றம் தாங்காமல் சீலிங்கையே பிரிக்க வேண்டியதாயிற்று.

அதனால்தான் மாதத்தை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். நம் கரையோரத்தில் கட்டடத்துக்குள் வாழும் வௌவால்கள் பெரும்பாலும் நவம்பர் தொடங்கி, தென்னாப்பிரிக்காவின் கோடையில் குட்டி போடும். சில இனங்கள் ஒரே கோடையில் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை போடும். கடைசிக் குட்டி பறக்கப் பழக மார்ச் ஆகிவிடும், சில சமயம் ஏப்ரல்கூட ஆகும். உங்கள் கான்ட்ராக்டர் குறித்த வாரம், தாய் ஒவ்வொன்றும் குட்டியை உள்ளே விட்டுவிட்டு இரை தேடப் போகும் வாரம். புகை போட்டால் பறக்க முடிந்தது பறக்கும், முடியாதது உள்ளேயே கிடக்கும். பெரியவையும் எல்லாம் வெளியே வந்துவிடாது. பல, இன்னும் ஆழமான இடுக்குக்குள் போய் ஒடுங்கிக்கொள்ளும். மறுநாள் இயந்திரம் சுவரைத் தள்ளும்போது அவையும் சேர்ந்து நசுங்கும். நாஃப்தலீன் உருண்டை, அல்ட்ராசவுண்ட் கருவி என்று கடையில் விற்பதற்கும் காசைக் கொட்டாதீர்கள். அவற்றால் ஒரு கூட்டம் ஒழுங்காகக் காலி செய்து போனதை நான் பார்த்ததே இல்லை.

சரி, உள்ளே இருப்பது யார்?

என் பாட்டி சின்ன வௌவாலை வௌவால் என்று சொல்ல மாட்டாள், துரிஞ்சில் என்பாள். பழம் தின்னும் பெரியதுதான் அவளுக்கு வௌவால். இந்தப் பிரிவு ரொம்பச் சரி. உங்கள் கூரைக்குள் இருப்பது பூச்சி தின்னும் துரிஞ்சில்தான். எண்ணெய்க் கறையும் புழுக்கையும் கீச்சொலியும் அதைத்தான் சொல்கின்றன. தினமும் ஒரே இடுக்கு வழியாக உடம்பை உரசிக்கொண்டு போய்வருவதால், ரோமத்தின் எண்ணெய்ப் பசை சுவரில் படிந்து பழுப்பாக மாறும். சமையலறையில் கை படும் கதவோரம் போல.

எலிப் புழுக்கை இல்லை என்று உறுதிசெய்ய ஒரு சின்ன வேலை செய்யுங்கள். ராத்திரி அந்த மூலைக்குக் கீழே ஒரு பழைய நியூஸ்பேப்பரை விரித்துக் கல் வைத்துவிடுங்கள். காலையில் விழுந்திருப்பதில் ஒன்றை எடுத்து, கையில் படாமல், காகிதத்தை மடித்து நசுக்கிப் பாருங்கள். எலியுடையது கெட்டியாக இருக்கும். பல்லியுடையதன் நுனியில் வெள்ளையாக ஒரு பொட்டு இருக்கும். துரிஞ்சிலுடையது பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். அந்தப் பொடியை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் மினுமினு என்று இருக்கும். அதெல்லாம் வண்டின் ஓடும் அந்துப்பூச்சியின் இறகும்தான். எத்தனை வருஷமானாலும் எனக்கு அதைப் பார்க்கச் சலிக்கவில்லை.

டர்பன் பக்கம் கூரைகளில் அதிகம் காண்பவை வால்நீட்டிகள் என்று நான் கூப்பிடும் குடும்பம். மற்ற துரிஞ்சில்களுக்கு வால் சவ்வுக்குள் அடங்கியிருக்கும். இவற்றுக்கு எலிவால் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அங்கோலா வால்நீட்டி, சின்ன வால்நீட்டி என்ற இரண்டையும் எங்கே பார்த்தாலும் காணலாம். அங்கோலா வால்நீட்டி சூட்டை விரும்பி இருக்கும். 40 டிகிரிக்கு மேல் காயும் தகரக் கூரைக்கு அடியிலும் தாங்கும். இவற்றைத் தவிர, கேப் செரொட்டீன் என்று ஒரு பொடிசு உண்டு. மஞ்சள் வயிற்றுக்காரன் ஒன்றும் உண்டு.

இவற்றுக்கெல்லாம் நடுவில் ஒன்றுக்காகத்தான் உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. ஓட்டோமாப்ஸ் என்ற பெரிய காது வால்நீட்டி. கென்யாவில் சுஸ்வா மலையின் எரிமலைக் குகைகளில் வாழ்வது இதன் நெருங்கிய உறவினம். நம்முடையது தென்னாப்பிரிக்காவில் பெரும்பாலும் டர்பனையும் சுற்றுவட்டாரத்தையும் சேர்ந்தது. அதுவும் குகையில் இல்லை, நம் வீட்டுக் கூரைகளில். ஒரு ஆணும் பல பெண்களுமாகச் சின்னக் கூட்டமாக இருக்கும். பெண் ஒவ்வொன்றுக்கும் வருஷத்துக்கு ஒரே ஒரு குட்டி. ஒரு கூரை போனால் அந்தக் கூட்டத்துக்கு அந்த வருஷம் போயிற்று. இதை அடையாளம் காண இயந்திரம்கூட வேண்டாம். மற்ற துரிஞ்சில்களின் வேட்டைக் குரல் மனிதக் காதுக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். கேப் செரொட்டீன் 40 கிலோஹெர்ட்ஸ் பக்கம் கத்தும். ஓட்டோமாப்ஸ் 11, 12 கிலோஹெர்ட்ஸில் கத்துவதால் காது கூர்மையாக உள்ள பிள்ளைகளுக்குக் கேட்கும். தலைக்கு மேலே வானத்தில் யாரோ டிக், டிக் என்று தட்டுவது போல. உங்களுக்கும் எனக்கும் ஒருவேளை கேட்காது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேளுங்கள்.

இருப்பது எது, எத்தனை, எந்த வழியாகப் போகிறது என்பது தெரியாமல் யாரும் உங்களுக்கு ஆலோசனை சொல்ல முடியாது, நான் உட்பட. தெரிந்துகொள்ள ஒரே வழி, சாயங்காலம் போய் உட்கார்ந்து எண்ணுவது.

அக்டோபரில் உங்கள் பக்கம் 6 மணி வாக்கில் சூரியன் மறையும். அதற்கு அரை மணி முன்பே நான்கு பேர் கூடத்தின் நான்கு மூலைகளில் உட்கார வேண்டும். ஒவ்வொருவர் கண்ணிலும் இரண்டு பக்கக் கூரையோரம் படும்படி இடம் பிடியுங்கள். கூரையின் விளிம்பு வானத்துக்கு எதிரே கறுப்பாகத் தெரியும் கோணம்தான் நல்ல கோணம். பாய் விரித்துப் படுத்துக்கொண்டால் இன்னும் சுகம், கழுத்து வலிக்காது. வெளிச்சம் போடாதீர்கள். டார்ச் வேண்டுமென்றால் சிவப்புக் காகிதம் சுற்றிக்கொள்ளுங்கள். மழையோ பலத்த காற்றோ இருக்கும் நாளில் எண்ணுவது வீண், அன்று பாதி வெளியே வராது. இருட்டிய பிறகும் ஒரு மணி நேரம் இருங்கள். வெளியே போவதை ஒரு கணக்கு, உள்ளே திரும்புவதை ஒரு கணக்கு. முதலிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் கிடைப்பது குறைந்தபட்ச எண்ணிக்கை. மூன்று சாயங்காலமாவது இப்படிச் செய்யுங்கள். அவற்றுக்கு வேறு வீடுகளும் இருக்கும், ஒரு நாள் இங்கே, ஒரு நாள் அங்கே என்று மாறும். ஒரு நாள் ஒன்றும் வரவில்லை என்பதை வைத்துக் காலி என்று முடிவு கட்டாதீர்கள்.

வால்நீட்டி வெளியே வருவதைக் கவனித்துப் பாருங்கள். இடுக்கின் விளிம்புக்கு ஊர்ந்து வந்து, முகத்தை மட்டும் நீட்டி, கொஞ்சம் யோசித்துவிட்டு, கல் விழுவது போலத் தொப்பென்று விழும். பாதி வழியில் இறக்கை விரியும், அப்புறம்தான் பறக்கும். இறக்கை நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருப்பதால் நின்ற இடத்திலிருந்து அதனால் எழும்ப முடியாது. இந்த விழுகைக்குக் கீழே காலி இடம் வேண்டும். சாரம் கட்டிப் பச்சை வலை போர்த்தினால், குட்டி இல்லாத மாதமானாலும், அந்த வலையிலேயே சிக்கும். கான்ட்ராக்டரிடம் சாரத்தைப் பற்றி மறக்காமல் சொல்லுங்கள்.

பகலில் ஒரு தடவை கட்டடத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். முகட்டு மூடி, கூரையோரப் பலகை, முக்கோணச் சுவரின் வெடிப்பு, கொட்டகையின் தகரமும் மரமும் சேரும் இடம், எல்லாவற்றையும். ஒரு கட்டைவிரல் நுழையும் இடுக்கே போதும் அவற்றுக்கு. வெளிச்சுவரின் மேல், கூரை நிழலில், வெள்ளை வயிற்றோடு ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேறு இனம், மொரிஷியஸ் கல்லறை வௌவால் என்பார்கள். நீங்கள் கிட்டே போகப் போக அது சுவரிலேயே நண்டு போல ஓடி மூலையைத் திரும்பிவிடும். அதற்கு உள்ளே இடம் தேவை இல்லை, கலைத்துவிட்டால் தானே வேறு சுவர் பார்த்துக்கொள்ளும். மைதானத்து மாமரத்தையும் அத்திமரத்தையும் வெட்டப்போகிறீர்களா? அப்படியானால் அங்கே வால்பெர்க் பழந்தின்னி வௌவால் தொங்குகிறதா என்றும் பாருங்கள். கோடை ராத்திரியில் மரத்திலிருந்து ஒரே தாளத்தில் மணி தட்டுவது போல ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தால், அது ஆண் பழந்தின்னி பெண்ணைக் கூப்பிடுகிறது.

சீலிங்குக்குள் ஏறாதீர்கள், அண்ணா. 1958 கட்டடத்தின் கூரைக்குள் ஆஸ்பெஸ்டாஸ் தூசியும் அறுபது வருஷத்துப் புழுக்கைத் தூசியும் கலந்து கிடக்கும். அதற்குத் தகுந்த முகமூடியோடு போக வேண்டியவர்கள் போகட்டும்.

சட்டம் கேட்டிருந்தீர்கள். துரிஞ்சிலுக்கு முன்னால் வேறொன்று உங்கள் வழியில் நிற்கிறது. 1999ஆம் ஆண்டு தேசிய மரபுச் சொத்துச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி, 60 வருஷத்துக்கு மேற்பட்ட எந்தக் கட்டடத்தையும் அனுமதி இல்லாமல் இடிக்கவோ மாற்றவோ கூடாது. நம் குவாசூலு-நடால் மாகாணத்தில் அந்த அனுமதியைத் தருவது அமாஃபா என்ற மரபுச் சொத்து அமைப்பு. உங்கள் கூடம் அந்த வயதைத் தாண்டிவிட்டது. கான்ட்ராக்டர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை என்றால் அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். நகராட்சியின் இடிப்பு அனுமதி தனி. ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டைப் பதிவு பெற்ற ஒப்பந்தக்காரர்தான் கழற்றலாம். உடைத்துக் கொட்டவே கூடாது, முழுசாகக் கழற்றி நனைத்துச் சுற்றி எடுக்க வேண்டும். துரிஞ்சிலைப் பொறுத்தவரை, பிடிப்பது, கொல்வது, வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விடுவது எதற்கும் முன்னால் எசெம்வெலோ வனவிலங்கு அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். அங்கிருந்து வரும் பதிலைக் கோப்பில் வையுங்கள். ஓட்டோமாப்ஸ் என்று தெரியவந்தால் அந்தக் கடிதம் இன்னும் அவசியம். பாட்ஸ் கேஇசட்என் என்ற தன்னார்வக் குழுவிலும் அனுபவம் உள்ளவர்கள் இருக்கிறார்கள், காயம்பட்டதை வளர்ப்பவர்களும் அவர்களே.

இந்தத் தாள்வேலை எல்லாம் நவம்பருக்குள் முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால் துரிஞ்சிலுக்காக நீங்கள் காத்திருப்பதாக யாரும் குழுவில் சண்டை போட வேண்டியதில்லை. தாளுக்காகவே காத்திருக்கத்தான் போகிறீர்கள். இன்னொன்றும் யோசியுங்கள். நம் பக்கம் நவம்பரிலிருந்து மார்ச் வரை மழை. கூரையைப் பிரித்துவிட்டு மழைக்கு நடுவில் அஸ்திவாரம் தோண்ட யாருக்கும் ஆசை இருக்காது. 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த ஊர் உங்களுடையது. மே முதல் ஆகஸ்ட் வரை வானம் காய்ந்திருக்கும். கட்டட வேலைக்கும் அதுதான் நல்ல மாதம், துரிஞ்சிலுக்கும் அதுதான் நல்ல மாதம்.

என் திட்டம் இது. அக்டோபரில் எண்ணுவோம். நவம்பரில் கான்ட்ராக்டருக்கு வேலை வேண்டுமென்றால், பின்பக்கச் சமையல் கொட்டகையில் ஒன்றும் இல்லை என்று மூன்று சாயங்காலமும் தெரிந்தால், 60 வருஷ அனுமதி அதற்கும் கிடைத்துவிட்டால், அதைப் பிரிக்கட்டும். கூடத்தின் கூரையை அப்படியே விட்டுவிடுங்கள். தீபாவளிக்கு அந்த மேற்கு மூலைப் பக்கம் பட்டாசு வேண்டாம், மைதானத்தின் மறுபக்கம் வையுங்கள். தமிழ்நாட்டில் வௌவால் அடையும் ஆலமரத்துக்காகத் தீபாவளிக்குப் பட்டாசே வெடிக்காத கிராமங்கள் இருக்கின்றன. அந்த ஆயா சொன்ன பாவம் எங்கிருந்தோ வந்த பேச்சு இல்லை. நம் முன்னோரோடு கப்பலில் கூடவே வந்ததுதான்.

மார்ச் கடைசியில் மறுபடி எண்ணி, உள்ளே பறக்காத குட்டி இல்லை என்று பார்த்துவிட்டு, ஏப்ரலில் ஒருவழிக் கதவு போடுவோம். பெரிய வித்தை ஒன்றும் இல்லை. அவை பயன்படுத்தாத இடுக்குகளை முதலில் அடைத்துவிட வேண்டும். பயன்படுத்தும் இடுக்கின் மேல், மெல்லிய கண்ணுள்ள வலையை மேலேயும் இரண்டு பக்கமும் ஒட்டி, கீழே மட்டும் திறந்து, அரை மீட்டர் தொங்கவிட வேண்டும். உள்ளிருந்து வருவது வலைக்கும் சுவருக்கும் நடுவே நழுவிக் கீழே விழுந்து பறந்துபோகும். திரும்பி வரும்போது பழைய வாசனை வரும் இடத்துக்கே போய் வலையில் முட்டும். கீழே போய் நுழைய வேண்டும் என்று அதற்குத் தோன்றாது. வலைக்குப் பதில் வழவழப்பான பிவிசி குழாயின் ஒரு துண்டையும் பொருத்தலாம். குறைந்தது ஒரு வாரம் விட்டுவைக்க வேண்டும். குளிர் காற்று அடிக்கும் ராத்திரிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அன்று சிலது வெளியே வராமல் உள்ளேயே தூங்கும். ஒரு சாயங்காலம், இன்னொரு சாயங்காலம், ஒன்றுகூட வெளியே வரவில்லை என்ற பிறகுதான் கூரையில் கை வைக்கலாம்.

அப்போதும் இயந்திரம் முதலில் வரக்கூடாது. ஓடுகளை வரிசை வரிசையாகக் கையால் கழற்றட்டும், எப்படியும் ஆஸ்பெஸ்டாஸுக்காக அப்படித்தான் செய்ய வேண்டும். முகட்டு மூடியையும் ஓரப் பலகையையும் கழற்றும்போது ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஒன்று தென்பட்டால் வேலையை நிறுத்துங்கள். தடித்த கையுறை, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி, உள்ளே தொங்கிப் பிடிக்க ஒரு பழைய துணி. இருட்டியதும் உயரமான சுவரில் விட்டால் விழுந்து பறந்துபோகும். தரையில் விட்டால் பறக்காது, பூனைக்குத்தான் போகும்.

இப்போது வெறிநோய். இந்தப் பயத்தை நான் லேசாக எடுக்க மாட்டேன். வெறிநோயைச் சேர்ந்த டுவென்ஹேகே என்ற கிருமி இந்த நாட்டில் 1970இல் ஒருவரையும் 2006இல் ஒருவரையும் கொன்றிருக்கிறது, இரண்டும் வௌவாலால் வந்தவை. நம் கரையோரப் பழந்தின்னி வௌவால்களிலும் 1980இல் லாகோஸ் வௌவால் வைரஸைக் கண்டார்கள். ஆனால் நம் மாகாணத்தில் பிள்ளைகளைக் கொல்லும் வெறிநோய் நாயிடமிருந்துதான் வருகிறது. கூரைக்குள் இருக்கும் துரிஞ்சில் தானாக இறங்கி வந்து யாரையும் கடிக்காது. புகை போட்டு மயங்க வைத்து முற்றத்தில் நூறு விழட்டும், அப்போது பாருங்கள். பிள்ளை ஒன்று கையில் எடுக்கும், நாய் ஒன்று வாயில் எடுக்கும். பயப்படுகிறவர்கள்தான் புகைக்கு முதலில் தடை சொல்ல வேண்டும். வெறும் கையால் யாரும் தொடக்கூடாது. கடியோ கீறலோ பட்டால், எவ்வளவு சின்னதாக இருந்தாலும், ஓடும் தண்ணீரிலும் சோப்பிலும் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றைக்கே கிளினிக்குக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். நாளைக்குப் போகலாம் என்று யாரும் உட்காரக்கூடாது.

எல்லாவற்றையும் அனுப்பிவிட்டால் எங்கே போகும் என்று நீங்கள் கேட்கவில்லை. நான் சொல்லியாக வேண்டும். நம் பக்கம் பழைய கூரைகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கின்றன. புதுக் கட்டடங்களில் ஓர் இடுக்குகூட இல்லை. உங்கள் அப்பாமாரும் என் தாத்தாவும் கரும்பு வெட்டிய தோட்டங்களுக்கு மேலேதான் இந்த வால்நீட்டிகள் ராத்திரி முழுக்க வேட்டையாடுகின்றன. பக்கத்து எஸ்வாட்டினியில் கரும்புக் காட்டுக்கு மேலே வேட்டையாடிய அங்கோலா வால்நீட்டி, சின்ன வால்நீட்டி இரண்டின் புழுக்கையையும் ஆராய்ந்தவர்கள் அதில் அந்துப்பூச்சியும், செடியின் சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சியும் கண்டார்கள். கரும்புத் தண்டைத் துளைக்கும் எல்டானாவும் ஓர் அந்துப்பூச்சிதான். வடக்கே லிம்போப்போவில் மக்கடேமியா தோப்புக்காரர்கள் நாவாய்ப்பூச்சிக்காகவே துரிஞ்சிலை வரவேற்கிறார்கள். பசித்த துரிஞ்சில் ஒரு ராத்திரியில் தன் எடையில் பாதி அளவுக்குப் பூச்சி தின்னும். மைதானத்தில் பிள்ளைகள் சாயங்காலம் விளையாடும்போது கடிக்காத கொசுக்களில் சிலதும் அந்தக் கணக்கில் சேரும்.

அதனால் இப்போதே, இந்த அக்டோபரிலேயே, மைதானத்து ஓரத்தில் ஒரு கம்பத்தில் துரிஞ்சில் அடையப் பெட்டி ஒன்று வைத்துவிடுங்கள். ஆறு மாதம் முன்னாலேயே அது அங்கே இருந்தால்தான் ஏப்ரலில் கதவு மூடும்போது அதை ஏற்கனவே பார்த்திருக்கும். மருந்து அடிக்காத மரம், உள்பக்கம் சொரசொரப்பாக, ஒன்றன்பின் ஒன்றாக மூன்று நான்கு அறை, அறைக்கு அறை இரண்டு செண்டிமீட்டருக்குக் கொஞ்சம் கூடுதலாக இடைவெளி. உயரம் ஐந்து மீட்டர், கீழே செடியும் கம்பியும் இல்லாமல் காலியாக. கடையில் கிடைக்கும் வரைபடங்கள் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போட்டவை, அவற்றில் பெட்டியைத் தெற்கே பார்த்து வைக்கச் சொல்லியிருக்கும். நமக்கு வெயில் வடக்கிலிருந்து வருகிறது. வடக்கோ வடகிழக்கோ பார்த்து வையுங்கள். இந்த ஒரு தப்பால் வருஷக்கணக்காகக் காலியாக நிற்கும் பெட்டிகளை நான் பார்த்திருக்கிறேன். சரியாக வைத்தாலும் எல்லாக் கூட்டமும் குடியேறிவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். குரூகர் பூங்காவில் முகாம்களின் கூரையிலிருந்து வெளியேற்றியவற்றுக்காகக் கால் நட்டுப் பெரிய பெரிய வௌவால் வீடுகளே கட்டியிருக்கிறார்கள். ஒரு சின்னப் பெட்டியைவிட அதெல்லாம் மேல்.

அதைவிட மேலானது, புதுக் கூடத்தின் சுவரிலேயே இடம் விடுவது. வடக்குச் சுவரின் உச்சியில், கூரையோரப் பலகைக்குப் பின்னால், இரண்டரை செண்டிமீட்டர் இடுக்கோடு ஓர் அறை. உள்பக்கச் சீலிங்குக்கு வழி இல்லாமல் அடைத்துவிட்டால் நாற்றமும் வராது, புழுக்கையும் வராது. வரைபடம் போடுகிறவரிடம் இன்றைக்கே சொன்னால் செலவு மிகக் கொஞ்சம். கட்டி முடித்த பிறகு சொன்னால் யாரும் செய்ய மாட்டார்கள். நம் ஊர்க்காரர்கள் இப்படிச் செய்ய மாட்டார்கள் என்று நினைக்காதீர்கள். மவுண்ட் மோர்லண்டில் நாணலில் லட்சக்கணக்கில் அடைந்த தகைவிலான் குருவிகள் விமானத்தில் மோதாமல் கவனிக்க, 2010இல் திறந்த கிங் ஷாகா விமான நிலையத்தில் ரேடாரே வைத்தார்கள். ஒரு சுவரில் ஓர் இடுக்கு அதைவிடக் கஷ்டமா?

குழுவில் பேசும்போது அந்த ஆயாவைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். கான்ட்ராக்டரையும் ஒரு சாயங்காலம் எண்ண வரச் சொல்லுங்கள். முகம் நீட்டி எட்டிப் பார்த்து விழும் அந்த ஒரு நொடியைக் கண்ணால் பார்த்தவர் யாரும் அப்புறம் என்னிடம் புகையைப் பற்றிப் பேசியதில்லை.

இந்த மாதம் இரண்டாம் சனிக்கிழமை எனக்கு வேலை இல்லை. மழை இல்லையென்றால் ஐந்து மணிக்கு வந்துவிடுகிறேன். துரிஞ்சில் குரலைக் கேட்க உதவும் டிடெக்டரும் எண்ணும் கிளிக்கர் நான்கும் கொண்டுவருகிறேன், பாய் மட்டும் நீங்கள் எடுத்து வையுங்கள். சனிக்கிழமை வகுப்புப் பிள்ளைகளில் பெரியவர்கள் ஆறேழு பேர் இருந்தால் நிறுத்திவையுங்கள், அவர்கள் தமிழிலேயே எண்ணட்டும். நூறுக்கு மேல் எண்ணத் தெரிந்தவர்களாக இருக்கட்டும், அந்தக் கறை நீங்கள் சொன்ன அளவுக்கு இருந்தால் தேவைப்படும். மேற்கு மூலையில் நான் உட்கார்ந்துகொள்கிறேன்.